பள்ளிப் பிள்ளைகளின் ஆகாரமும் களத்தில் ஒதுக்க வேண்டிய பங்கும்

அறுவடை முடிந்து தானியம் களத்தில் குவிந்தவுடன் குடியானவர் முதலில் செய்யும் காரியம் விதைக்கு வேண்டியதை ஒதுக்கி வைப்பதாகும். விலை எவ்வளவு உயர்ந்தாலும், கடன்காரர் வாசலில் நின்றாலும், விதைத் தானியத்தில் கை வைக்கும் வழக்கம் நல்ல குடியானவரிடத்தில் இல்லை. அடுத்த போகம் அதில் அடங்கியிருக்கிறது என்பதை அவர் அறிவார். ஆயினும், அதே வீட்டிலிருந்து காலையில் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் பங்கு என்று களத்தில் ஒரு மரக்கால் தானியத்தையேனும் தனியே ஒதுக்குவோர் மிகச் சிலரே. பயறும் உளுந்தும் நிலக்கடலையும் மூட்டையாகக் கட்டப்பட்டு வண்டியேறுகின்றன. நெய்யும் முட்டையும் சந்தைக்குச் செல்கின்றன. வீட்டில் எஞ்சுவது பெரும்பாலும் அரிசியே. இக்குறையை நீக்குவதற்குப் பெருஞ்செலவோ, சமையலில் தனித் திறமையோ வேண்டியதில்லை. களத்திலும் கொல்லையிலும் விளைவதைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சத்துள்ள ஆகாரம் தரும் முறைகள் கீழே கூறப்படுகின்றன.

1. குறை எங்கே நேருகிறது

பிள்ளைக்கு வயிறு நிரம்புவது வேறு, சத்து நிரம்புவது வேறு. அரிசி தேகத்திற்கு வேண்டிய உஷ்ணத்தையும் உழைக்கும் வலுவையும் தருகிறது. ஆனால் 100 கிராம் அரிசியில் தசையை வளர்க்கும் புரதச் சத்து 7 அல்லது 8 கிராம் அளவே உண்டு. பயறு வகைகளில் இது 20 கிராமுக்கு மேலும், நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய 25 கிராமும் இருக்கிறது. எலும்பையும் பல்லையும் வளர்க்கும் சுண்ணாம்புச் சத்து 100 கிராம் அரிசியில் 10 மில்லிகிராம் அளவே காணப்பட, அதே எடையுள்ள கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே அரிசியை மாத்திரம் நம்பி வளரும் பிள்ளை, பசியாறியும் வளர்ச்சி குன்றி நிற்பதில் வியப்பில்லை.

இவ்வுண்மை நெடுநாட்களுக்கு முன்பே நிரூபிக்கப்பட்டதாகும். நீலகிரி மலையில் குன்னூரில் பணியாற்றிய சர் ராபர்ட் மக்காரிசன் என்னும் வைத்திய அறிஞர், 1920களில் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் ஆகாரங்களைத் தனித்தனியே எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியைக் கவனித்தார். கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், காய்கறி ஆகியவற்றைத் தின்ற எலிகள் பருத்து வளர்ந்தன. பெரும்பாலும் அரிசியையே தின்றவை மெலிந்து சிறுத்தன. அரிசியை விட்டுவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. அரிசியோடு பருப்பும் கீரையும் மோரும் சேர வேண்டும் என்பதே இதன் பொருள்.

ரத்த சோகை இன்றும் தீராத குறையாகவே இருக்கிறது. 2016 முதல் 2018 வரை நாடெங்கும் நடத்தப்பட்ட ஊட்டச்சத்து ஆய்வில், 5 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 24 பேரும், 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 28 பேரும் ரத்த சோகை உள்ளவர்களாகக் காணப்பட்டனர். இவ்வாறுள்ள பிள்ளை விரைவில் களைப்படையும். பாடத்தில் மனம் ஊன்றாது. "படிப்பு ஏறவில்லை" என்று உபாத்தியாயரும், "சோம்பேறி" என்று பெற்றோரும் கூறும் பிள்ளைகளுள் சிலருக்கு உண்மையில் குறைந்திருப்பது இரும்புச் சத்தேயாகும். பெண் பிள்ளைகள் பருவமடைந்தபின் இக்குறை அதிகரிக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு முதலில் பரிமாறி, மிஞ்சியதைப் பெண் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் எவ்வீட்டிலேனும் இருந்தால் அது உடனே ஒழிய வேண்டும்.

2. காலை ஆகாரம்

இரவு 8 மணிக்கு உண்ட பிள்ளை, காலையில் ஒன்றும் உண்ணாமல் புறப்பட்டால், நண்பகல் உணவுக்குள் 16 மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்க நேருகிறது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் எல்லா அரசாங்க ஆரம்பப் பாடசாலைகளுக்கும் விரிவடைந்தது. ஆனால் அது ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்பிற்குமேல் படிக்க அடுத்த ஊருக்கு விடியற்காலைப் பேருந்தில் செல்லும் பிள்ளைகளே பெரும்பாலும் பட்டினியாகப் புறப்படுகின்றனர். உயரமும் எடையும் விரைவாகக் கூடும் வயதும் அதுவே. ஆகையால் அவர்களுடைய காலை ஆகாரத்தில் வீட்டார் விசேஷ கவனம் செலுத்துதல் அவசியம்.

கேழ்வரகு அடை. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் கேழ்வரகு மாவு போதும். அதனோடு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, அரிந்த சின்ன வெங்காயம், அளவான உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, இரும்புக் கல்லில் மெல்லியதாகத் தட்டி, இருபுறமும் நல்லெண்ணெய் விட்டு வேகவைக்க வேண்டும். கீரையிலுள்ள, கண்ணுக்கு நலந்தரும் சத்து எண்ணெயோடு சேர்ந்தாலன்றித் தேகத்தில் நன்கு சேராது. ஆதலால் எண்ணெய் விடுவது வீண் செலவன்று. 7 முதல் 9 வயதுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இம்மாவிலிருந்தே கிடைத்துவிடுகிறது. மாவை இரவே சலித்து, கீரையை ஆய்ந்து வைத்தால், காலையில் கால் மணி நேரத்தில் அடை ஆகிவிடும்.

உளுந்தங்கஞ்சி. தோலுள்ள உளுந்து 30 கிராமை வறுத்துக் குருணையாக உடைத்து, ஒரு பிடி புழுங்கலரிசியும் நான்கைந்து பூண்டுப் பற்களும் சேர்த்துக் குழைய வேகவைத்து, கருப்பட்டியோ வெல்லமோ கரைத்து, தேங்காய் துருவிப் போட்டு வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். தென் மாவட்டங்களில் வளரும் பெண் பிள்ளைகளுக்கு உளுந்தங்களி கிண்டித் தரும் பழைய வழக்கம் தக்க காரணமுடையதே. வாரத்தில் ஒரு நாளேனும் இது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்றது.

பழையது. நீர் ஊற்றிவைத்த பழையதை இகழ வேண்டியதில்லை. ஆனால் ஊறுகாயோடு மாத்திரம் உண்ணும் பழையது வயிற்றை நிரப்புமேயன்றி வளர்ச்சிக்குப் போதாது. அதில் கெட்டியான மோர் விட்டுப் பிசைந்து, நிலக்கடலைத் துவையலோ ஒரு கைப்பிடி சுண்டலோ உடன் வைத்தால் அது நிறைவான ஆகாரமாகும்.

காலையில் தேநீரும் ரொட்டித் துண்டும் கொடுத்து அனுப்பும் வழக்கம் கிராமங்களிலும் பரவியிருக்கிறது. தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் ஆகாரத்திலுள்ள இரும்புச் சத்தைத் தேகத்தில் சேரவொட்டாமல் தடுக்கிறது. ஆகையால் பிள்ளைகளுக்குத் தேநீர் வேண்டாம்.

3. நண்பகல் ஆகாரம்

பாடசாலைச் சத்துணவை உண்ணும் பிள்ளைகள் அதை முழுதும் உண்கின்றனரா என்பதைப் பெற்றோர் விசாரிக்க வேண்டும். அங்கு வழங்கும் முட்டை ஒவ்வொன்றிலும் சுமார் 6 கிராம் உயர்ந்த புரதம் இருக்கிறது. "சத்துணவு ஏழைப் பிள்ளைகளுக்கே" என்று கருதி, நிலமுடையோர் தம் பிள்ளைகளை அதிலிருந்து விலக்கி, வெறும் ரசஞ்சாதத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்புவதில் யாதொரு பெருமையுமில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது பல நன்மைகளைத் தரும்.

வீட்டிலிருந்து கட்டிக் கொடுப்போர் கவனிக்க வேண்டியவை:

சாதம் அன்று காலையில் வடித்ததாக இருக்க வேண்டும். முதல் நாள் சாதத்தைச் சூடாக்கிக் கட்டினால், நண்பகலுக்குள் அதில் நச்சுக் கிருமிகள் பெருகி வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகக் கூடும்.

ஆவி அடங்கியபின் பாத்திரத்தை மூட வேண்டும். சூட்டோடு மூடினால் நீர் கோத்து ஆகாரம் கெடும்.

தேங்காய்ச் சட்டினி வெயில் நாட்களில் விரைவில் கெடும். அதற்குப் பதிலாக வறுத்தரைத்த துவையலோ பருப்புப் பொடியோ வைக்கலாம்.

தயிர்ச்சாதம் கட்டுவோர், காய்ச்சி ஆறிய பாலை மிகுதியாக விட்டு, சிறிது தயிரே சேர்த்துப் பிசைந்தால் நண்பகலில் புளிப்பின்றி இருக்கும்.

புளிச்சாதம், எலுமிச்சஞ்சாதம் ஆகியவை எளிதில் கெடா. அவற்றில் வறுத்த நிலக்கடலையைத் தாராளமாகச் சேர்த்து, பொரியல் ஒன்றும் உடன் வைக்க வேண்டும். எலுமிச்சையின் புளிப்பு, பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து தேகத்தில் சேர உதவுகிறது.

4. மாலைத் தின்பண்டம்

பாடசாலை விட்டு வரும் பிள்ளை பசியோடு வருகிறது. அந்நேரத்தில் கையில் காசு கொடுத்து அனுப்பினால், கடை வாசலில் தொங்கும் உப்பும் எண்ணெயும் மிகுந்த பொட்டலங்களையே வாங்கித் தின்னும். தன் நிலத்துக் கடலையை மொத்த விலைக்குப் போட்டுவிட்டு, சத்தில்லாத பொட்டலத்தைச் சில்லறை விலைக்கு வாங்கித் தருவது எவ்வகையிலும் சிக்கனமாகாது. கீழ்க்கண்ட இரண்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கத் தக்கவை.

முளைப்பயறுச் சுண்டல். ஒரு பிள்ளைக்கு 25 கிராம் பச்சைப்பயறு எடுத்துக் கழுவி இரவில் ஊறவைக்க வேண்டும். காலையில் நீரை வடித்து, ஈரத் துணியில் முடிந்து தொங்கவிட்டு, காய்ந்து போகாமல் அவ்வப்போது நீர் தெளித்தால் மாலைக்குள் முளை வெளிப்படும். குளிர் நாட்களில் மறுநாள் வரை பொறுக்க நேரும். முளைத்த பயறு எளிதில் ஜீரணமாகும். வறண்ட பயறில் இல்லாத 'சி' வைட்டமின் அதில் உண்டாகிறது. பச்சையாகக் கொடுக்காமல் ஆவியில் வேகவைத்து, கடுகு தாளித்து, தேங்காய்த் துருவலும் எலுமிச்சஞ்சாறும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவற்றையும் ஊறவைத்து நன்றாக வேகவைத்து இவ்வாறே சுண்டலாக்கலாம்.

கடலை உருண்டை. நிலக்கடலைப் பருப்பு 250 கிராமை மிதமான தீயில் வறுத்து, தோல் நீக்கி, ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். வெல்லம் 200 கிராமைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டிப் பாகு காய்ச்ச வேண்டும். பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் கெட்டியாக உருள்வது சரியான பதம். அடுப்பிலிருந்து இறக்கிக் கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தடவிக்கொண்டு, சூடு ஆறுமுன் பிடித்தால் 16 உருண்டைகள் ஆகும். ஈரம் புகாத தகர டப்பாவில் இவை இரண்டு வாரம் இருக்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டு உருண்டை போதும். அதில் 7 கிராமுக்குக் குறையாத புரதம் கிடைக்கிறது. வெல்லம் பல்லில் ஒட்டுவதால், தின்றபின் வாய் கொப்பளிக்கப் பழக்க வேண்டும்.

5. மோரும் கொல்லைத் தோட்டமும்

வெண்ணெய் எடுத்தபின் நிற்கும் மோரை அற்பமாக எண்ணித் தவிட்டில் கலந்து மாட்டுக்கு ஊற்றுவது பல வீடுகளில் காணப்படுவதாகும். வெண்ணெயோடு போவது கொழுப்பும் அதில் கரைந்த சில சத்துக்களுமே. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மோரிலேயே தங்கிவிடுகின்றன. 1930களில் குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய டாக்டர் ஐக்ராய்டும் அவருடன் பணியாற்றியவர்களும், விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலை நாள்தோறும் கொடுத்துப் பார்த்ததில், அப்பிள்ளைகள் மற்றவர்களைவிட எடையிலும் உயரத்திலும் மிகுதியாக வளர்ந்தனர். ஆகவே நெய்யை விற்கும் குடும்பம் மோரையேனும் பிள்ளைகளுக்கு நிறுத்திக்கொள்வது நியாயமாகும். கோழி வளர்ப்போர் முட்டைகளைச் சந்தைக்கு அனுப்புமுன் பிள்ளைகளுக்கு வேண்டியதை எடுத்து வைத்தல் நலம்.

கொல்லையில் இரண்டு முருங்கை, ஓர் எலுமிச்சை, ஒரு கொய்யா, இரண்டு பப்பாளி, ஒரு சிறு கீரைப் பாத்தி ஆகியவை இருந்தால் ஆண்டு முழுவதும் காய்கனிக்குக் குறைவிராது. பெரியகுளத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.கே.எம். 1 என்னும் செடி முருங்கை, விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்குகிறது. கீரைக்கு மாத்திரம் வேண்டுவோர் அதற்கு முன்பே கிளை கிள்ளிக்கொள்ளலாம். கொய்யாப் பழத்தில் உள்ள 'சி' வைட்டமின் ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். குளிக்கும் நீரையும் பாத்திரம் கழுவும் நீரையும் வாய்க்காலிட்டு இம்மரங்களுக்குப் பாய்ச்சினால் தனியே இறைக்க வேண்டியதில்லை.

6. களத்தில் ஒதுக்க வேண்டிய அளவு

ஒரு குடும்பத்தில் பாடசாலை செல்லும் பிள்ளைகள் இருவர் என்றும், பாடசாலை நடைபெறும் நாட்கள் ஆண்டில் 220 என்றும் கொள்ளலாம். கேழ்வரகு அடையும் பயறுச் சுண்டலும் ஒரு நாள், கடலை உருண்டை மறுநாள், உளுந்தங்கஞ்சி 40 வாரங்களுக்கு வாரம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முழுமைக்கும் வேண்டியது வருமாறு:

கேழ்வரகு: 11 கிலோ
பச்சைப்பயறு: 5½ கிலோ
நிலக்கடலை (தோலுடன் காய்): 9½ கிலோ
தோல் உளுந்து: சுமார் 2½ கிலோ
ஆக மொத்தம்: 28½ கிலோ

கடலை உருண்டைக்கு வெல்லம் 5½ கிலோ அளவில் இதனுடன் வேண்டியிருக்கும். மானாவாரி நிலக்கடலை ஏக்கருக்கு 500 கிலோ காய் காண்பதாகக் கொண்டாலும், இரு பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 9½ கிலோ அதில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை விற்காமையால் குடும்ப வருமானம் குன்றிவிடப் போவதில்லை. காவிரிப் பாசனப் பகுதியில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாட்களுக்குமுன் தாள்களினூடே உளுந்தும் பயறும் விதைக்கும் குடியானவர்க்கு, இவை வயலிலேயே கிடைப்பவை. கேழ்வரகு விளையாத ஊர்களில் கம்பு, சாமை, குதிரைவாலி ஆகியவற்றை ஆகாரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கேழ்வரகிலுள்ள அளவு சுண்ணாம்புச் சத்து அவற்றில் இல்லாமையால், அவ்வூர்களில் மோரையும் கீரையையும் அதிகப்படுத்த வேண்டும்.

7. தானியத்தை ஒதுக்குங்கால் எச்சரிக்கை

முதலாவது, விதைநேர்த்தி செய்த தானியத்தை எக்காரணத்தாலும் உண்ணலாகாது. பூசண மருந்து கலந்த விதையைக் கழுவினாலும் நஞ்சு முழுதும் நீங்காது. விதைப் பங்கையும் பிள்ளைகளின் பங்கையும் வெவ்வேறு பாத்திரங்களில் இட்டு, அடையாளம் எழுதி, வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, நிலக்கடலையை நன்கு உலர்த்தி, தோலுடனேயே சேமித்து, வேண்டும்போது உடைத்துக்கொள்ள வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு உள்ளே ஒலிக்கும் அளவுக்குக் காய்ந்திருத்தல் அவசியம். ஈரமாக மூட்டை கட்டிய கடலையில் ஒருவகைப் பூசணம் பற்றி, அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பல்லாயிரம் வான்கோழிகள் மாண்டதை ஆராய்ந்தபோது, அவற்றிற்கு இட்ட கடலைப் புண்ணாக்கிலிருந்தே இந்நஞ்சு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இது கல்லீரலைக் கெடுப்பது; வறுத்தாலும் முற்றிலும் அழியாதது. ஆகையால் சுருங்கியவை, நிறம் மாறியவை, பூசணம் பிடித்தவை, கசப்பானவை ஆகிய பருப்புகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

மூன்றாவது, மருந்து தெளித்த வயலின் கீரையையோ காயையோ, மருந்துக் கட்டில் குறித்த நாட்கள் கழியுமுன் பறிக்கலாகாது. கொல்லைப் பாத்தியில் மருந்து தெளிக்காதிருப்பதே உத்தமம்.

8. கிராம அதிகாரிகள் செய்யத் தக்கவை

பாடசாலைப் பிள்ளைகளுக்கு நண்பகலில் உணவளிக்கும் முயற்சி சென்னை நகரசபையார் 1920ஆம் ஆண்டில் ஆயிரம் விளக்குப் பாடசாலையில் தொடங்கியது. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் 1956ஆம் ஆண்டு அது மாநிலத்தின் பல பகுதிகளுக்கும் பரவிற்று. 1982ஆம் ஆண்டு ஜூலை மாதம் எம்.ஜி.ராமச்சந்திரன் முதலமைச்சராயிருந்தபோது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. காமராசர் காலத்துத் திட்டம் ஊரார் கொடுத்த நெல்லையும் காய்கறியையும் பெரிதும் துணைக்கொண்டு நடந்தது என்பதைக் கிராமத்தார் நினைவில் கொள்ளத் தகும்.

ஆகவே ஊராட்சித் தலைவரும், கிராம நிர்வாக அலுவலரும், வேளாண்மை அலுவலரும் தத்தம் அளவில் உதவக் கூடியவை பல. பாடசாலை வளாகத்தில் முருங்கையும் கீரைப் பாத்தியும் அமைக்கலாம். கிணற்று நீரும் குடிநீர்த் தொட்டியும் தூய்மையாக உள்ளனவா என்று பார்வையிடலாம். ஆண்டுக்கு இரு முறை வழங்கும் குடற்புழு நீக்கும் மாத்திரையும், வாரந்தோறும் வழங்கும் இரும்புச் சத்து மாத்திரையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்வதைக் கவனிக்கலாம். வயிற்றில் புழு உள்ள பிள்ளைக்கு எவ்வளவு நல்ல ஆகாரம் கொடுத்தாலும் அதில் ஒரு பங்கு வீணாகும். விடியற்காலைப் பேருந்தில் வெளியூர் செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுள் உண்ணாமல் செல்வோர் எத்தனை பேர் என்று ஒரு முறை விசாரித்தறிந்தால், கிராமசபையில் பேசுவதற்குத் தக்க விஷயம் கிடைக்கும்.

நிலமில்லாதார் வீட்டுப் பிள்ளைகளுக்குக் களம் இல்லை என்பதையும் மறத்தலாகாது. அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு குடியானவரும் பாடசாலைக்கென்று ஒரு மரக்கால் பயறு அளந்தால், நிலமுள்ளோர் பிள்ளைகளும் நிலமற்றோர் பிள்ளைகளும் ஒருசேரப் பயனடைவர்.

விதையை ஒதுக்கத் தவறியவர் ஒரு போகத்தை இழப்பார். வேறிடத்தில் விதை வாங்கி அடுத்த போகத்தில் ஈடு செய்துகொள்ளலாம். வளரும் வயதில் குன்றிய பிள்ளையின் வளர்ச்சியைப் பின்னர் எவ்விலை கொடுத்தும் முழுதும் மீட்பது அரிது. ஆதலால் அடுத்த அறுவடையின்போது, விதைக் கோட்டையைக் கட்டிய கையோடு, பிள்ளைகளின் 28½ கிலோவையும் அளந்து தனியே வைத்துவிட்டு, அதன் பின்னரே வியாபாரியை அழைப்பது நலம்.